அக்காவுக்குப் பார்த்த பொருத்தம்

டெலிபோன் கொக்கியை விரலால் அமுக்கி அந்த அழைப்பைத் துண்டித்தவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் என் மாமியார் ஃப்ரூமெட் இருபது வருஷத்துக்கும் மேலாக எதை எதையோ குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். தண்ணீர், தாய்ப்பால், கோழிக்கொழுப்பு, பிளூமா நிறைமாதத்தில் ரயில் பாலத்துக்குக் கீழே நடந்துபோனது. அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. என் விரலும் என் வாயும்தான் காரணம்.

பிளூமா என் தங்கை. என்னைவிட ஏழு வயது இளையவள். எனக்கு மூக்குமேல் கோபம், அவளுக்கு அது கிடையாது. வரிசையில் நிற்கச் சொன்னால் எனக்குக் கால் அரிக்கும். அவள் பாட்டுக்குப் பொறுமையாக நிற்பாள். ஆண்ட்வெர்ப்பில் எங்கள் தெருவில் எல்லாருக்கும் இது தெரியும். ரொட்டிக்கடைக்காரர் என்னைப் பார்த்தாலே, "வந்துட்டாம்மா ஹெண்டல், முதல்ல இவளுக்குக் கொடுத்து அனுப்புங்க, இல்லாட்டி கடைய இடிச்சிடுவா" என்பார்.

எங்கள் யூத ஆட்களுக்குள் கல்யாணப் பேச்சு எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் உண்டு. பிறக்கிற பிள்ளைக்குப் பரம்பரை நோய் வருமா என்று பார்க்கப் பதினேழு வயதில் பள்ளிக்கூடத்திலேயே ரத்தம் எடுத்துவிடுவார்கள். பெயர் எழுத மாட்டார்கள், ஓர் எண் கொடுப்பார்கள். பையன் பெண் பார்ப்பதற்கு முன்னால் இரண்டு எண்களையும் நியூயார்க்கில் ஓர் அலுவலகத்துக்கு போன் போட்டுச் சொல்ல வேண்டும். 'பொருந்தும்' என்பார்கள், அல்லது 'பொருந்தாது' என்பார்கள். யார் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்க மாட்டார்கள். அது நல்லதுக்குத்தான். ஒருத்திக்குக் குறை இருப்பதாகத் தெரிந்துவிட்டால் அவளையும் கட்ட மாட்டார்கள், அவள் தங்கைகளையும் கட்ட மாட்டார்கள். பொருந்தாது என்றால் சத்தமில்லாமல் வேறு இடம் பார்த்துவிடுவார்கள். இந்த போன் போடாமல் எந்தத் தரகரும் ஒரு சம்பந்தத்தைத் தொட மாட்டார்.

எனக்கும் அன்ஷலுக்கும் அப்படித்தான் பார்த்தார்கள். பொருந்தும் என்றார்கள். கல்யாணம் ஆயிற்று, அடுத்தடுத்து மூன்று பிள்ளைகள். மாமியார் வீடு கீழ்த்தளம், எங்கள் வீடு அதற்கு மேல்தளம். நான் நாற்காலியை நகர்த்தினால்கூட அவளுக்குக் கேட்கும். "யாருக்கு அங்க ஊர்வலம்?" என்று கீழேயிருந்து குரல் வரும். அந்த வீட்டில் எனக்குப் பேச ஓர் ஆள் இல்லை. அன்ஷல் காலையில் வைரக்கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவான். அவனுக்கு ஒரு தம்பி இருந்தான், லிப்பா. இருபத்தோரு வயது, தங்கமான பையன். பிளூமாவை ஏன் அவனுக்குக் கட்டிவைக்கக் கூடாது என்று நானே ஒருநாள் பேச்சை எடுத்தேன். தங்கையே ஓரகத்தியாக வந்துவிட்டால் மாமியாரை இரண்டு பக்கமும் நின்று சமாளிக்கலாம் என்பது என் கணக்கு. தரகரே இல்லாமல் அடுப்படியில் வைத்து நாங்கள் பெண்களே முடித்த சம்பந்தம் அது. இரண்டு முறை சந்திக்க வைத்தோம். இரண்டாம் முறை லிப்பா வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனான். அவளை அவனுக்குப் பிடித்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

நிச்சயம் ஒரு புதன்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் அம்மாவுக்கு நியூயார்க் ஞாபகம் வந்தது. இரண்டு எண்களும் எழுதிய துண்டுக் காகிதத்தை வைத்துக்கொண்டு டெலிபோன் பக்கத்தில் நின்றாள். லைன் பிஸி. திரும்பப் போட்டாள், பிஸி. அடுப்பில் மீன், மேஜையில் பாதி அடுக்கிய தட்டுகள், என் கடைக்குட்டி தரையில் உட்கார்ந்து சர்க்கரையை அள்ளிக்கொண்டிருக்கிறாள்.

"இன்னும் ஒரே ஒரு தடவ போட்டுப் பாக்கறேன்டி," என்றாள் அம்மா.

"எத்தன தடவம்மா போடுவே? அங்க மீன் அடிபிடிக்குது, இங்க நீ டயல சுத்திக்கிட்டு நிக்கறே."

"கேட்டுட்டா மனசு அடங்கும்."

"அதான் கேட்டாச்சே! எனக்கும் அன்ஷலுக்கும் கேட்டோமா இல்லியா? பொருந்தும்னாங்களா இல்லியா? அதே வீடு, இதே வீடு. அவங்க ரத்தமும் நம்ம ரத்தமும் ஒத்துப்போகுதுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. என் புள்ளைங்க மூணையும் பாரு, கன்னுக்குட்டி மாதிரி துள்ளுதுங்க. இன்னும் என்னத்தக் கேக்கப் போறே?"

அம்மா ரிசீவரைக் காதில் வைத்தபடியே என்னைப் பார்த்தாள். நான் சொன்னது அவளுக்கு நியாயமாகத்தான் பட்டது. எனக்கும்தான். யோசித்துப் பாருங்கள், இரண்டு வீட்டுக்குப் பொருத்தம் பார்த்தாகிவிட்டது, அண்ணன் அக்காவுக்குப் பொருந்தியது தம்பி தங்கைக்குப் பொருந்தாமல் எங்கே போகும்? நான் எட்டி, கொக்கியை அமுக்கினேன். "போய் தலைக்குத் துணி கட்டு, வந்துடுவாங்க" என்றேன்.

"சரி, நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்று அம்மா காகிதத்தை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டாள்.

அன்று ராத்திரி இரண்டு அம்மாக்களும் சேர்ந்து தட்டை உடைத்தார்கள். உடைந்த தட்டை ஒட்டவைக்க முடியாது, அதுபோல நிச்சயத்தையும் முறிக்கக் கூடாது என்பதற்காக உடைப்பது. அதற்கு அப்புறம் யார் போன் போடுவார்கள்? பதறாத காரியம் சிதறாது என்பார்கள். எனக்குப் பதறித்தான் பழக்கம்.

*

பிளூமா கல்யாணமாகிக் கீழ்த்தளத்தில் மாமியாரோடு குடிவந்தாள்; அவள் பிள்ளை கோப்பல் நவம்பரில் பிறந்தான். அவ்வளவு அழகான குழந்தையை நான் பெறவில்லை, பொறாமையோடுதான் சொல்கிறேன். பட்டுப்போல் தோல், இந்தா இத்தனை நீளம் இமைமுடி. ஐந்தாவது மாதம் வாய்விட்டுச் சிரித்தான், குப்புற விழுந்தான். ஆறாவது மாதம் பிடித்துவைத்தால் உட்கார்ந்தான்.

ஒன்றே ஒன்றுதான். சத்தம் கேட்டால் தூக்கிவாரிப் போடும் அவனுக்கு. டிராம் மணி அடித்தால் இரண்டு கையும் விரிந்துவிடும். கரண்டி கீழே விழுந்தால், கதவு சாத்தினால், நான் தும்மினால்கூட. மாமியார் சிரிப்பாள். "ஹெண்டல் பெரியம்மா வர்றா, காதப் பொத்திக்கோடா ராஜா" என்பாள். நானும் வேண்டுமென்றே இரண்டு தடவை கை தட்டிப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். நாசமாய்ப் போகிற சிரிப்பு.

எட்டாவது மாதம் பிளூமா மாடிக்கு வந்தாள். பிள்ளையைத் தரையில் உட்காரவைத்தாள். அவன் மெல்ல மெல்லப் பக்கவாட்டில் சாய்ந்தான், மாவு மூட்டை சாய்வதுபோல.

"போன மாசம் உக்காந்தான்க்கா. இப்ப சாயறான்."

"சோம்பேறி. அப்பன் மாதிரி."

"இல்லக்கா. என்னப் பாக்க மாட்டேங்கறான். குரல் கேட்டுத் திரும்பறான், ஆனா பாக்க மாட்டேங்கறான்."

நான் அவன் முகத்துக்கு நேரே சாவிக்கொத்தை ஆட்டினேன். சத்தத்துக்குத் துள்ளினான். கண் சாவியைத் தாண்டி எங்கேயோ நின்றது. ஆனால் வாய் சும்மா இருக்குமா? "பல்லு வரப்போகுது, அதான்" என்றேன்.

ஆகஸ்ட் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். லிப்பாவுக்கும் பிளூமாவுக்கும் ஊர் மொழியான பிளெமிஷ் அவ்வளவு ஓடாது. நான் கல்யாணத்துக்கு முன்னால் பொத்தான் கடையில் வேலை பார்த்தவள், நன்றாகப் பேசுவேன். அதனால் என்னையும் கூட்டிப்போனார்கள். டாக்டர் வெர்லிண்டன் என்று ஒரு பெண், வயது ஐம்பது இருக்கும். அறையை இருட்டாக்கி, பிள்ளையின் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தாள். ஒரு கண், அப்புறம் இன்னொரு கண், திரும்ப முதல் கண். விளக்கை அணைத்தாள். ரத்தம் எடுத்து அனுப்பினாள். பத்து நாள் கழித்து வரச்சொன்னாள்.

பத்து நாள் கழித்து அவளுடைய மேஜைக்கு எதிரே நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். பிள்ளை பிளூமாவின் மடியில். டாக்டர் பேசப் பேச நான் வீட்டு மொழியில் மாற்றிச் சொன்னேன். அந்த வேலையை எதிரிக்கும் கொடுக்காதே கடவுளே.

"உடம்புல இருக்கற ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு ஜவ்வு இருக்கும்மா. அது கொழுப்பால ஆனது. அந்த ஜவ்வு இல்லேன்னா செல்லே இல்ல, உள்ள இருக்கறது வெளிய வந்துடும், வெளிய இருக்கறது உள்ள போயிடும். மூள நரம்போட ஜவ்வுல ஒரு தனிவகைக் கொழுப்பு நெறைய இருக்கு. ஸ்பிங்கோலிப்பிட்னு பேரு. நூறு வருஷத்துக்கு முந்தி அதக் கண்டுபுடிச்சவருக்கு அது எதுக்குன்னே வெளங்கல. அதான் பழைய கிரேக்கக் கதைல விடுகதை போடுற ஒரு பூதத்தோட பேர வச்சுட்டாரு."

விடுகதையும் வேண்டாம், பூதமும் வேண்டாம், பிள்ளைக்கு என்ன என்று சொல்லித் தொலையேன் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் அந்தப் பகுதியை அவர்களுக்குச் சொல்லவே இல்லை.

"கொழுப்புதான் பிரச்சனையா?" என்று லிப்பா முன்னால் நகர்ந்தான். பாவம், முகத்தில் ஒரு வெளிச்சம். "கொழுப்ப நிறுத்திடறோம். அண்ணி, கேளுங்க அவங்கள. பால்ல கொழுப்பு எடுத்துட்டுக் கொடுத்தா?"

"என் பால்தான் காரணமா?" என்றாள் பிளூமா.

நான் கேட்டேன். டாக்டர் தலையை ஆட்டினாள். "இல்ல. இது சாப்பாட்டுல வர்ற கொழுப்பு இல்ல. அவன் மூளையே செஞ்சுக்கற கொழுப்பு. அது கண்டிப்பா வேணும், அது இல்லாம நரம்பு நரம்போட பேசாது. ஆனா பழசானத உடைச்சு அப்புறப்படுத்தணும். உடைக்கறதுக்கு ஒரு நொதி இருக்கு. அது இவன் உடம்புல இல்ல. உடைக்க ஆளில்லாம அந்தக் கொழுப்பு செல்லுக்குள்ளயே சேந்துக்கிட்டே போகுது. செல்லு வீங்குது. கண்ணுக்குப் பின்னாடியும் அப்படித்தான், அதான் நடுவுல ஒரு சிவப்புப் பொட்டு தெரிஞ்சுது."

குப்பை வண்டிக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த வாரம் ஞாபகம் வந்தது எனக்கு. தெருவெல்லாம் மூட்டை மூட்டையாக நின்று, கதவைத் திறக்க முடியாமல் போனது. குப்பை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டியதல்ல, அவரவர் வீட்டில் சமைத்துச் சாப்பிட்டதன் மிச்சம். அப்படியே பிளூமாவுக்குச் சொன்னேன். அவளுக்குப் புரிந்தது.

"அந்த நொதிய ஊசியாப் போட முடியாதா?" என்று கேட்டான் லிப்பா. "சர்க்கரை வியாதிக்குப் போடற மாதிரி? எவ்வளவு செலவானாலும் பரவால்லன்னு சொல்லுங்கண்ணி. அண்ணன் இருக்காரு, நாங்க எல்லாம் இருக்கோம்."

"போட்டுப் பாத்திருக்காங்க," என்றாள் டாக்டர். "ரத்தத்துல போட்டா மூளைக்குள்ள போகாது. இன்னிக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்."

"எத்தன நாள்?" இதைக் கேட்டது பிளூமா. பிளெமிஷிலேயே கேட்டாள்.

"ரெண்டு வருஷம். மூணு இருக்கலாம். பார்வை முழுசாப் போயிடும், அப்பறம் முழுங்கறது."

பிளூமா பிள்ளையின் காலுறையைச் சரிசெய்தாள். அது சரியாகத்தான் இருந்தது.

டாக்டர் ஒரு தாளில் வட்டங்கள் வரைந்தாள். அம்மாவிடம் அந்த நொதி பாதி, அப்பாவிடம் பாதி. பாதி இருந்தால் போதும், நூறு வயது வாழலாம், ஒன்றும் தெரியாது. இருவரிடமிருந்தும் இல்லாத பாதியே பிள்ளைக்கு வந்தால்தான் இப்படி. நாலு பிள்ளையில் ஒன்றுக்கு வரலாம். அப்புறம் எழுதுகோலை வைத்துவிட்டு, கேட்கத் தெரியாமல் கேட்பதுபோல் கேட்டாள்: "உங்க சமூகத்துல கல்யாணத்துக்கு முன்னாடியே இதப் பாத்துடுவாங்களே. நீங்க பாக்கலியா?"

"பாத்தோம்," என்றான் லிப்பா. "பொருந்தும்னு சொன்னாங்க. அண்ணனுக்கும் அண்ணிக்கும்."

நான் மாற்றிச் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தாள்.

"அது உங்களுக்கும் உங்க கணவருக்கும் சொன்னது."

"ஆமா. ஒரே வீடுதானே? அவங்க அண்ணன் தம்பி, நாங்க அக்கா தங்கச்சி."

"ஒரே அம்மா அப்பாவுக்குப் பொறந்தாலும் ஆளுக்கு ஆள் மாறும்மா. அந்தக் குறை உங்களுக்கு இல்லாம இருந்திருக்கலாம், இல்ல உங்க கணவருக்கு இல்லாம இருந்திருக்கலாம். ஒருத்தருக்கு இல்லேன்னாலே 'பொருந்தும்'னுதான் சொல்வாங்க. உங்க தங்கச்சிகிட்டயும் அவர்கிட்டயும், ரெண்டு பேர்கிட்டயுமே இருந்திருக்கு."

"என்ன சொல்றாங்க?" என்றான் லிப்பா.

அந்தப் பேச்சையும் நான் மாற்றிச் சொல்லவில்லை. "ஒண்ணுமில்ல, அடுத்த மாசம் வரச் சொல்றாங்க" என்றேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சரி. நான் என் வாயால் இன்னொருத்தியைக் கெடுத்தேன்.

*

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து தன் வாயிலேயே இரண்டு அடி அடித்துக்கொண்டாள்.

"லைன் கிடைச்சிருக்கும்டி. இன்னொரு தடவ போட்டிருந்தா கிடைச்சிருக்கும்."

"வாய மூடும்மா."

"அவகிட்ட என்னன்னு சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா என்ன, புள்ள எந்திரிச்சு நடக்கப் போறானா? இருக்கற வேதனை போதாதா அவளுக்கு?"

நல்ல வியாக்கியானம். அவளுக்காகத்தான் மறைப்பதுபோல் காட்டிக்கொண்டேன். என் தங்கை என் முகத்தில் விழிக்க மாட்டாளே என்ற பயம்தான் எனக்கு. ராத்திரி படுத்தாலும், காலையில் எழுந்தாலும், ரொட்டிக்கு மாவு பிசைந்தாலும் அந்த ஒரு பயம்தான்.

செப்டம்பரில் பிள்ளைக்குப் பெயர் மாற்றினார்கள். பிழைக்க மாட்டான் என்று சொன்ன ஆளுக்குப் புதுப்பெயர் வைத்தால் மரண தூதன் தேடி வரும்போது குழம்பிப்போவான் என்பது எங்கள் பழக்கம். ஜெபக்கூடத்தில் பத்துப் பேர் நின்று, கோப்பல் இனிமேல் ஆல்ட்டர் கோப்பல் என்றார்கள். ஆல்ட்டர் என்றால் கிழவன். கழுத்து நிற்காத பத்து மாதப் பிள்ளைக்குக் கிழவன் என்று பெயர். லிப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, "டேய் கிழவா, கிழவா" என்று கொஞ்சினான். நான் அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மாமியார் சும்மா இருப்பாளா? ஒருநாள் லிப்பாவைத் தனியாகக் கூப்பிட்டு, "சின்ன வயசுடா உனக்கு. அவளுக்கும்தான். ரப்பிகிட்ட கேட்டுப் பிரிஞ்சுடுங்க. ஆளுக்கு ஒரு இடத்துல நல்ல புள்ளைங்களாப் பெத்துக்கலாம். பாவம் கிடையாது" என்றாள். லிப்பா, "அம்மா, இன்னொரு தடவ இதப் பேசினீங்கன்னா நாங்க இஸ்ரேலுக்குப் போயிடுவோம்" என்றான். அவன் அப்படிப் பேசி நான் பார்த்ததில்லை. பிரியவில்லை. ஆனால் அதற்கப்புறம் பிள்ளை பெற்றுக்கொள்ளவும் இல்லை. நாலில் ஒன்று என்பதை வைத்துச் சூதாட எனக்கு மனசில்லைக்கா என்றாள் பிளூமா.

யோம் கிப்பூர் நோன்புக்கு முந்தின நாள் நாங்கள் ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்போம். கடவுளுக்குச் செய்த தப்பைக் கடவுள் மன்னிப்பார். மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன் மன்னித்தால்தான் உண்டு, அதுவரை கடவுளும் கை வைக்க மாட்டார். அதனால் அன்று தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம், "தெரிஞ்சோ தெரியாமலோ ஏதாவது செஞ்சிருந்தா மன்னிச்சுடுங்க" என்பார்கள். எதிராளி "மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன்" என்று மூன்று முறை சொல்லிவிட்டுப் போய்விடுவார். பால்காரனுக்குக் காலை வணக்கம் சொல்வதுபோல.

நானும் அப்படியே கேட்டேன். பிளூமா பிள்ளைக்குக் கரண்டியால் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சோ தெரியாமலோ" என்றேன். அவள் திரும்பாமலே, "மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன்" என்றாள். மாடிப்படி ஏறும்போது பாரம் இறங்கிவிட்டதாகத்தான் நினைத்தேன். அவ்வளவு மானங்கெட்டவள் நான்.

*

அடுத்த வருஷம் முழுக்க பிள்ளை கீழே கீழே போனான். குளிர்காலத்தில் பார்வை நின்றது. வலிப்பு வந்தது. தலை மட்டும் பெரிதாகிக்கொண்டே வந்தது. சிரிப்பு எந்த நாளில் நின்றது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியாகச் சிரித்த அன்று அது கடைசி என்று தெரியாதே. பிளூமா அவனை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைப்பாள். மூக்குக் குழாயில் பால் ஊற்றுவாள். அவள் கை ஒருநாளும் அவசரப்பட்டு நான் பார்த்ததில்லை.

வசந்தத்தில் ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருந்தோம். போகிறபோக்கில் கேட்டாள்.

"நிச்சயத்தன்னிக்கு யாருமே நியூயார்க்குக்கு போன் பண்ணலியாக்கா?"

"அம்மா பண்ணினா. லைன் கிடைக்கல."

"ஓ" என்றாள். துண்டை நான்காக மடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

அதற்கப்புறம் எனக்குத் தூக்கம் போயிற்று. நான் சொன்னது பொய்கூட இல்லை, அதுதான் கொடுமை. நடுவில் நாலாவதும் பிறந்திருந்தது, ஐந்தாவது பிள்ளை என் வயிற்றில் அப்போது. அவள் முன்னால் போகும்போதெல்லாம் கோடைகாலத்திலும் கோட்டுப் போட்டுக்கொண்டு போனேன்.

யோம் கிப்பூர் நெருங்கியது. அன்ஷலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் தாடியைத் தடவினான். பிறகு, "என்ன தப்புன்னு சொல்லாம வாங்கின மன்னிப்பு மன்னிப்பே இல்ல ஹெண்டல். சொன்னா அவளுக்கு இன்னும் வலிக்கும்னா சொல்ல வேண்டாம்னு சில பேர் சொல்லியிருக்காங்க. நீயே யோசிச்சுக்கோ" என்றான். இவனிடம் கேட்டேனே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? அவள் வலியைச் சாக்காக வைத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

முந்தின நாள் மத்தியானம் கீழே இறங்கிப் போனேன். பிளூமா மேஜையில் தேன் கேக் வைத்திருந்தாள். பிள்ளை ஜன்னலோரம் தலையணைகளுக்கு நடுவில் கிடந்தான், கண் திறந்திருந்தது. மூன்று வயதுக்கு முன்னால் ஆண்பிள்ளைகளுக்கு முடி வெட்ட மாட்டோம். அவனுக்குத் தோள்வரை சுருட்டை.

"கோட்டக் கழட்டுக்கா. வேர்த்து ஊத்துது உனக்கு. எத்தன மாசம்? ஆறா?"

நான் கோட்டை இன்னும் இழுத்து மூடிக்கொண்டேன்.

"எனக்குக் கண்ணு தெரியும்க்கா. அவனுக்குத்தான் தெரியாது. உக்காரு."

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். லைன் பிஸியாக இருந்தது, அம்மா இன்னொரு தடவை போடுகிறேன் என்றாள், நான்தான் கொக்கியை அமுக்கினேன். அதே வீடு இதே வீடு என்று சொன்னது நான். எனக்குத் துணைக்கு ஆள் வேண்டும் என்று உன்னை இந்த வீட்டுக்கு இழுத்துவந்ததும் நான். ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை மறைத்ததும் நான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். "என்ன மன்னிச்சுடு பிளூமா" என்றேன்.

அவள் கத்தியால் கேக்கை வெட்டி ஒரு துண்டைத் தட்டில் வைத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"எல்லாம் தெரியும். கிழவன்னு பேரு வச்ச அன்னிக்கு ராத்திரியே அம்மா சொல்லிட்டா. அவளால வாய அடக்க முடியல. அழுதுட்டா."

"அப்ப போன வருஷம்... மன்னிச்சேன்னு மூணு தடவ சொன்னியே?"

"நீ தெரிஞ்சோ தெரியாமலோன்னு கேட்டே. நானும் அந்த மாதிரிதான் சொன்னேன். துணி மடிக்கறப்ப வாயத் தொறந்து கேட்டேன். லைன் கிடைக்கலன்னே. அன்னிக்குத்தான்க்கா எனக்கு ரொம்ப வலிச்சுது."

"அடிக்கணும்னா அடிடி. இப்ப சொல்லிட்டேன்ல? மன்னிப்பியா மாட்டியா?"

அவள் ஜன்னல் பக்கம் போய்ப் பிள்ளையை மறுபக்கம் திருப்பினாள். வாயோரம் துடைத்தாள். திரும்பி வந்து எனக்கு எதிரே நின்றாள். கோபமே இல்லை அவள் முகத்தில். இருந்திருந்தால் தேவலாம்.

"மாட்டேன்க்கா."

"பிளூமா..."

"உன்ன வெறுக்கல. நீ வேணும்னு செய்யலன்னு எனக்குத் தெரியாதா? அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் அதத்தான் சொல்லியிருப்பேன். ஆனா உன்ன மன்னிச்சுட்டேன்னு வையி, அப்பறம் இது யாரோட தப்பு? அவன் உடம்புல அந்த நொதி இல்லாமப் போனது யாரு செஞ்சது? கோவப்பட எனக்கு அவர் ஒருத்தர்தான் மிச்சம் இருப்பாரு." கையை வானத்துப் பக்கம் காட்டினாள். "நாளைக்கு காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் அவர்கிட்டதான் நிக்கணும். அவர்கிட்டதான் அழணும். எனக்கு வேற எடம் இல்லக்கா. நீ தாங்கிக்கோ. உனக்கு அஞ்சு புள்ளைங்க வரப்போகுது, உன்னால முடியும்."

தட்டில் இருந்த கேக்கைத் தொடாமல் மாடி ஏறினேன்.

கோப்பல் அடுத்த ஆகஸ்டில் போய்விட்டான். மூன்று வயது நிறைய மூன்று மாதம் இருந்தது. முடி வெட்டாமலே புதைத்தார்கள்.

ஒவ்வொரு வருஷமும் நோன்புக்கு முந்தின நாள் கீழே இறங்கிப் போய்க் கேட்கிறேன். அவள் கேக் வைக்கிறாள். "இல்லக்கா" என்கிறாள். கோபமாகச் சொல்வதில்லை, மாவு இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாளே, அப்படி. என் பிள்ளைகளின் கல்யாணங்களுக்கெல்லாம் அவள்தான் முன்னால் நின்று வேலை செய்தாள். அன்ஷல், "மூணு தடவ கேட்டாச்சு, சட்டப்படி நீ விடுதலை, விட்டுத்தள்ளு" என்கிறான். அவன் சட்டத்தை அவனே வைத்துக்கொள்ளட்டும்.

மறுநாள் ஜெபக்கூடத்தில் பெண்கள் மாடத்தில் எங்கள் இருக்கைகள் அடுத்தடுத்து. அவள் முகத்தைப் புத்தகத்துக்குள் புதைத்துக்கொண்டு நாள் முழுக்க அழுது வேண்டுகிறாள். இருபத்திரண்டு வருஷமாக ஒரு வருஷமும் தவறவில்லை. அவள் மன்னிக்காமல் எனக்கு அங்கே கேட்க ஒன்றுமில்லை; நான் பக்கத்தில் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு நிற்கிறேன், பக்கம்கூடத் திருப்புவதில்லை.